கங்கம்மா கொடுத்த ஞானஸ்நானம்

அந்தக் கோயிலில் ஞாயிறு காலை இரண்டு பூசை. அஞ்சரை மணிப் பூசைக்குப் பட்டினப்பாக்கத்துக் கடற்கரை ஜனங்கள் வருவார்கள். எட்டரை மணிப் பூசைக்குச் சாந்தோம் பக்கத்துப் பழைய குடும்பங்கள்: டீச்சர்கள், நர்ஸுகள், பாங்கில் ஓய்வு பெற்றவர்கள். சாமி ஒன்று, பீடம் ஒன்று, பிரசங்கம்கூட ஒன்றுதான். ஆனால் அஞ்சரைக்காரர்கள் தப்பித்தவறி எட்டரைக்கு வந்தால் கடைசி பெஞ்சைத் தேடிப் போவார்கள். எட்டரைக்காரர்கள் அஞ்சரைக்கு வந்து நான் பார்த்ததில்லை. திருவிழாவில் மாதாவின் தேரைத் தோளில் தூக்குவது முதல் கூட்டம், மைக்கில் வாசகம் படிப்பது இரண்டாவது கூட்டம். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. கேட்டால், அப்படியெல்லாம் ஒன்றும் இல்லையே என்று இரண்டு பக்கமும் சாதிப்பார்கள்.

ஒரே மதத்துக்குள் இத்தனை வேலி எப்படி முளைக்கிறது என்று ஆராய்வது என் பிழைப்பு. அடையாறில் ஓர் ஆய்வு நிறுவனம் அதற்குச் சம்பளம் தருகிறது. என் பெயர் ஜஹீதா, வீடு ராயப்பேட்டை. நாற்பத்திரண்டு கேள்விகள் அச்சடித்த தாள்களைத் தூக்கிக்கொண்டு போன டிசம்பரில் பட்டினப்பாக்கத்துக்குள் நுழைந்தேன். எல்லாம் தெரிந்தவள் போல நுழைந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு முதலில் வாய் திறந்தது லூப் ரோட்டில் மீன் விற்கும் ரோஸி. நாற்பத்தைந்து வயது. கணவர் லூர்துசாமி ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். ஒரே மகள் சோஃபியா தேனாம்பேட்டையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறாள். ரோஸியின் கடைக்கு ஒட்டிய கடை கங்கம்மாவுடையது. குடியிருப்பிலும் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வீடுதான். கங்கம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம், ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

இரண்டு பேரும் சேர்ந்து தொழில் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ரோஸி விலை பேசுவாள், கங்கம்மா ஆய்ந்து கொடுப்பாள். அருவாமணையில் காலை மடக்கி உட்கார்ந்து, சங்கராவின் வாலைப் பிடித்து நாலு இழுப்பு இழுத்தால் செதில் எல்லாம் பறந்துவிடும். செவுளைப் பிடுங்கி, வயிற்றைக் கீறி, பக்கெட் தண்ணீரில் மூன்று முறை அலசிக் கையில் கொடுக்கும்வரை பேச்சும் நிற்காது. தை மாதத்துக் காலைப் பனியில் அவள் கை விரல்கள் வெளுத்து ஊறிப் போயிருக்கும். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் ரோஸியின் தூக்குப் பாத்திரம் திறக்கும். பழைய சோறும் முந்தின நாள் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும். மூன்று பேரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்தக் குழம்புக்காகவே என் நாற்பத்திரண்டு கேள்விகளை நான் தினம் இரண்டு இரண்டாகக் கேட்டேன்.

சோஃபியாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஜெஃப்ரி, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர், எட்டரைப் பூசைக் குடும்பம். அவன் அம்மா ஃப்ளோரன்ஸ் டீச்சர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. நாற்பது வருடமாக ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு நடத்துகிறவர். காதல்தான். வேலிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்த எனக்கு இந்தக் கல்யாணம் வாய்க்கு ருசியாகக் கிடைத்த விஷயம்.

கத்தோலிக்கக் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள் என்று. இரண்டு ஓலை ஆகிவிட்டது. மூன்றாவது ஓலைக்கு ஐந்து நாள் இருக்கும்போது தடை வந்தது.

செவ்வாய்க்கிழமை நான் போனபோது கடையில் பேச்சே இல்லை. ரோஸி ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கங்கம்மா கடை மூடியிருந்தது.

"இன்னா ரோஸிக்கா, கங்கம்மாக்கா எங்க?"

"ஏலத்துக்குப் போய்க்கீறா" என்றாள். மீன் ஏலம் விடியற்காலையிலேயே முடிந்துவிடும், பதினோரு மணிக்கு என்ன ஏலம்? அவளே ஆரம்பித்தாள்.

"பாப்பாவோட ஞானஸ்நான சர்ட்டிபிகேட் கேட்டாங்கல்ல, கோயில் ஆபீஸ்ல எட்த்துக் குட்த்தாங்க. டீச்சரம்மா அத்தப் பார்த்துட்டு மொகமே மாறிட்சாம். கொடுத்தவருன்னு ஒரு எடம் கீதாம். அங்க சாமியாரு பேருதானே இருக்கும்? இதுல கங்கம்மான்னு கீது."

எனக்குப் புரியவில்லை. ரோஸி சொன்னாள்.

"சுனாமி அன்னிக்கு பாப்பா பதினோரு நாள் கொயந்தம்மா. புது வருசத்துக்கு ஞானஸ்நானம் வெச்சுக்கலாம்னு இருந்தோம். தண்ணி வந்துச்சு, செவுரு வுழுந்து என் காலு அடில மாட்டிக்கிச்சு. பாப்பா கையவுட்டுப் போய்ட்சு. அக்காதான் எங்கேருந்தோ எட்த்தா. நீலமாப் போய்க்கெடக்குது, மூச்சு இல்ல. நா அங்கேருந்து கத்தறேன், அக்கா, தண்ணி ஊத்துக்கா, சோஃபியான்னு பேரு வெச்சு தண்ணி ஊத்துக்கா, ஞானஸ்நானம் இல்லாம போய்டப்போவுதுக்கான்னு. கத்திக்கினே மயக்கமாய்ட்டேன். கண்ணு தொறக்கறப்போ பாப்பா அயுவுது."

"அவங்க என்ன சொல்லி ஊத்தினாங்கன்னு நீ கேக்கலியா?"

"எங்க கேட்டேன்மா? கேம்ப்புக்குக் கோயில் உபதேசியாரு வந்தாரு, அக்கா ஊத்திட்டாங்கன்னு சொன்னேன். எய்திக்கினாரு. மூணு மாசம் கய்ச்சு கோயில்ல எண்ண பூசி, மெழுகுவத்தி குட்த்தாங்க. தண்ணி மட்டும் ஊத்தல, ஏற்கனவே ஊத்தியாச்சுன்னு. அந்த உபதேசியாரும் இப்போ இல்ல."

குங்குமக்காரி கங்கம்மா ஒரு கிறிஸ்தவக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறாள், அது பதிவேட்டில் இருபத்தொரு வருடமாக இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து தினம் குழம்பு சாப்பிட்ட ஆராய்ச்சிக்காரிக்குத் தெரியவில்லை! அப்படி ஒரு கேள்வியே என் தாளில் கிடையாது.

அன்று சாயங்காலம் ஃப்ளோரன்ஸ் டீச்சரைப் பார்க்கப் போனேன். காபியும் ரோஸ் குக்கியும் கொடுத்தார். அவரை வில்லியாக நினைத்துத்தான் படியேறினேன். பேசப் பேச அந்த நினைப்பு நிலைக்கவில்லை.

"நீங்க வெளி ஆள், உங்ககிட்ட சொல்றதுல தப்பில்ல" என்றார். "பொண்ண வேணாம்னு நான் சொல்லல. ஜெஃப்ரி ஆசைப்பட்டான், சரின்னுட்டேன். ஆபத்துல யார் வேணும்னாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், இந்துவும் கொடுக்கலாம். இத நானே பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றேன். ஆனா வார்த்தை சரியா இருக்கணும். தண்ணி, வார்த்தை, எண்ணம், மூணும் வேணும். அந்த அம்மா என்ன சொன்னாங்கன்னு யாருக்குமே தெரியல. தப்பா சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு இன்னும் கிறிஸ்தவளே இல்ல. கல்யாணமும் செல்லாது. நாளைக்கு என் பேரப்பிள்ளைங்ககிட்ட எவனாவது வந்து இதச் சொன்னா?"

"ஃபாதர் என்ன சொல்றார்?"

"ஃபாதர் டெரிக் ஈஸியா ஒரு வழி சொன்னார். அந்தம்மா வந்து நடந்ததச் சொல்லணும். இல்லன்னா சனிக்கிழமை சாயங்காலம் சத்தமில்லாம நிபந்தனை ஞானஸ்நானம். 'நீ ஏற்கனவே பெறவில்லையென்றால்' அப்படின்னு ஒரு வார்த்தை சேர்த்துத் தண்ணி ஊத்துவார். அஞ்சு நிமிஷம். அதுக்குப் போய் அந்தப் பொண்ணு மாட்டேங்கறா." சற்று நிறுத்தி, "குப்பத்துப் பிடிவாதம்" என்று முடித்தார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் என் நோட்டில் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டேன்.

சோஃபியா மாட்டேன் என்றது உண்மைதான். புதன்கிழமை வேலை முடிந்து வந்தவளை வீட்டில் வைத்து எல்லோரும் கேட்டார்கள். நானும் இருந்தேன். லூர்துசாமி வலையைத் தைத்துக்கொண்டே சொன்னார்: "ஊத்திக்க பாப்பா. தண்ணிதானே. எனக்கோசரம்."

"முடியாது நைனா."

"ஏன்டி முடியாது? தவக்காலம் வந்துட்டா ஈஸ்டர் வரிக்கும் கல்யாணமே கெடையாது" என்றாள் ரோஸி. "அதுக்குள்ள அந்தாண்ட ஆயிரம் பேச்சு வரும். டீச்சரம்மா சொந்தக்காரங்க சும்மா இருப்பாங்களா?"

"யம்மா, இரு. நா ஊத்திக்கினா இன்னா அர்த்தம்? பெரிம்மா செஞ்சது சும்மா, அத நம்பலன்னு அர்த்தம். என்னிய தண்ணிலேர்ந்து எட்த்தவங்கள நா நம்பலன்னு கோயில்ல போய் சொல்லணுமா? ஜெஃப்ரிகிட்டயும் சொல்லிட்டேன். காத்துக்கினு இருப்பேன்னான். இருக்கட்டும்."

கங்கம்மா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"ஊத்திக்கோ கண்ணு" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "இதுல இன்னா கீது."

"அப்போ நீ வந்து ஃபாதராண்ட சொல்லு பெரிம்மா. அன்னிக்கு இன்னா சொன்ன?"

"அடுப்புல கொயம்பு கீது" என்று எழுந்து போய்விட்டாள். நான் நோட்டில் எழுதினேன்: 'பிற மதத்தவர் என்பதால் விலகி நிற்கிறார். அக்கறை குறைவு.' அந்த வரியை இன்னும் அழிக்கவில்லை. என் அறிவு எவ்வளவு என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டுமல்லவா!

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஃபாதர் ஆள் அனுப்பினார். கங்கம்மா ஏலத்தில் இருந்தாள், மார்க்கெட்டில் இருந்தாள், வடபழனிக் கோயிலில் இருந்தாள். அகப்படவே இல்லை. சனிக்கிழமை காலை அகப்பட்டாள்.

அன்று நல்ல வரத்து. லூப் ரோட்டில் கார்கள் வரிசை கட்டி நின்றன. கங்கம்மாவின் பலகையில் ஒரு பெரிய வஞ்சிரம் பாதி வெட்டுப்பட்டுக் கிடக்க, நாலு பேர் பையோடு காத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மீன் தண்ணீரில் வழுக்காமல் அடி மேல் அடி வைத்து ஃபாதர் டெரிக் வந்தார். நாற்பது வயது மனிதர், சாது. பின்னால் குடையோடு ஃப்ளோரன்ஸ் டீச்சர். லேபுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்த சோஃபியா அவர்களைப் பார்த்ததும் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். கங்கம்மாவுக்கு எழுந்து ஓட வழியில்லை. வெட்டின மீனை விட்டுவிட்டுப் போகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

ரோஸி ஐஸ் பெட்டியைத் துடைத்துப் போட்டாள். ஃபாதர் அதில் உட்கார்ந்து, ஒரு சின்ன நோட்டை எடுத்து முட்டியின் மேல் வைத்தார். என்னிடம் நாற்பத்திரண்டு கேள்விகள் இருந்தன. அவரிடம் மூன்றுதான்.

"கங்கம்மா, பயப்படாதீங்க. ஞாபகம் இருக்கறதச் சொல்லுங்க போதும். என்ன தண்ணி ஊத்தினீங்க?"

கங்கம்மா மீனைத் திருப்பிப் போட்டு வெட்டினாள். "கடத்தண்ணிதான் சாமி. வேற தண்ணி ஏது அன்னிக்கு? கொடமெல்லாம் பூட்ச்சு."

"எதுல எடுத்தீங்க?"

"கைலதான். பள்ளமா இருந்த எடத்துல நின்னுச்சு. ரெண்டு கையால அள்ளினேன். மண்ணா இருந்துச்சு, வுட்டுட்டு மறுபடி அள்ளினேன். பச்சக் கொயந்த மேல மண்ணு ஊத்தலாமா?"

"தலையில ஊத்தினீங்களா? தண்ணி ஓடுச்சா?"

"ஓடுச்சு. மூணு தபா."

ஃபாதர் எழுதினார். காத்திருந்தவர்களில் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. ஒருவர் கார் எஞ்சினை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

"சரி. ஊத்தும்போது என்ன சொன்னீங்க? அதே வார்த்தையைச் சொல்லணும்."

கத்தி நின்றது. கங்கம்மா ரோஸியைப் பார்த்தாள், சோஃபியாவைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டுதான் அவளால் சொல்ல முடிந்தது.

"பிதா பேரால, சுதன் பேரால, இஸ்பிரித்து சாந்து பேரால, சோஃபியா, உன்ன கய்வறேன்."

"இஸ்பிரித்து சாந்துவா!" ஃப்ளோரன்ஸ் டீச்சர் குடையை மடக்கிவிட்டார். "அத இப்ப யாருமே சொல்றதில்லையே. எங்கம்மா சொல்லுவாங்க. உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

"யாரு சொல்லித் தருவாங்கம்மா எனக்கு? இவ மாமியாரு சாய்ங்காலமானா செபமால சொல்லும். ரெண்டு வூட்டுக்கும் ஒரே செவுரு. வருசக்கணக்கா காதுல வுழுந்துக்கினே இருந்துச்சு. ஆனா சாமி, ஞானஸ்நானங்கற வார்த்த அப்போ வாயில வர்ல. தண்ணி ஊத்தறதுன்னா கய்வறதுதானேன்னு கய்வறேன்னு சொல்ட்டேன்."

பரிசுத்த ஆவியை இங்குள்ள கிறிஸ்தவர்களின் முன்னோர்கள் போர்ச்சுகீசியர்களிடம் கேட்டபடி அழைத்த பெயர் அது. எட்டரைப் பூசையில் அது பரிசுத்த ஆவியாகி, தூய ஆவியாகி இரண்டு முறை சட்டை மாற்றிக்கொண்டுவிட்டது. கடற்கரையில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், அம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஒருத்தியின் காதில் அது பழைய பெயரோடு பத்திரமாக இருந்திருக்கிறது.

டீச்சர் ஃபாதரைப் பார்த்தார். "கழுவுறேன்னு சொன்னா..."

"மூல பாஷையில அந்த வார்த்தைக்கு அர்த்தமே கழுவறதுதான் டீச்சர்" என்றார் ஃபாதர் மெதுவாக. "கடைசிக் கேள்விம்மா. இதுக்கு யோசிச்சுப் பதில் சொல்லுங்க. நீங்க எங்க மதம் இல்ல. அப்படி இருக்கறப்போ, மனசுல என்ன நெனச்சு இதச் செஞ்சீங்க?"

கங்கம்மா யோசிக்கவெல்லாம் இல்லை. "எனக்கு இன்னா தெரியும் சாமி? நா ஒண்ணியும் நெனக்கல. உங்க கோயில்ல இன்னா செய்வாங்களோ, அத்தயே செய்யணும்னு செஞ்சேன். அவ்ளோதான்."

ஃபாதர் பேனாவை மூடிவிட்டார். ஃப்ளோரன்ஸ் டீச்சர் பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். செதிலும் ரத்தமும் கையில் ஒட்டியதை அவர் கவனிக்கவில்லை.

"ஃபாதர்" என்றார். "திருச்சபை செய்வதையே செய்யும் எண்ணம். அதான பாடம்? நாப்பது வருஷமா பசங்கள மனப்பாடம் பண்ண வச்சேன் ஃபாதர். ஒருத்தனும் இவ்வளவு சரியாச் சொன்னதில்ல."

படித்த பண்டிதர்கள் உட்கார்ந்து, வாதாடி, வடிகட்டி எழுதிவைத்த வாசகம் என்று பிறகு ஃபாதர் எனக்கு விளக்கினார். அந்த நேரத்தில் எனக்கு அது தெரியாது. ஆனாலும் பெரிதாக ஏதோ நடந்துவிட்டது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. மீன் வாங்க வந்தவர்கள்கூடச் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு நிற்பவர்கள் போல இருந்தார்கள்.

கங்கம்மாவுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. யாரும் பேசாததைப் பார்த்து அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"தப்பா சாமி?" என்றாள். "தப்பாத்தான் இருக்கும். எனக்குத் தெரியும். இருவத்தொரு வருசமா தெரியும். இவளுக்கு ஒரு சொரம் வந்தா, நா வார்த்தய மாத்தி சொன்னதாலயோன்னு கெடந்து அட்ச்சுக்கும். பரிச்சயில பெயிலானப்போகூட. அம்மனாண்ட போய்க் கேப்பேன், நா சொன்னது சரியான்னு. அவளுக்கு இத்தப் பத்தி இன்னா தெரியும்?"

ரோஸி அழுதுகொண்டே அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏன்க்கா, இத்தினி வருசம் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? அப்பவே சாமியாராண்ட கேட்ருப்பேனே!"

"கேட்ருப்ப. அவரு இன்னொரு தபா தண்ணி ஊத்திருப்பாரு." கங்கம்மா புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "அப்போ நா ஊத்துனது இல்லன்னு பூடும்ல. அதுக்கோசரம்தான் சொல்லல. கொயந்தயோட சாமி வெவகாரத்துல நா பேராச பட்டுட்டேன் ரோஸி. இப்போ கல்யாணம்னு வந்தப்புறம் நானே ஊத்திக்கோன்னு சொன்னேன். சொல்ட்டேனே தவிர, மனசு ஆறல."

சோஃபியா போய், மீன் தண்ணீர் பட்டுவிடுமே என்று பார்க்காமல், அருவாமணைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டாள்.

ஃபாதர் டெரிக் ஐஸ் பெட்டியிலிருந்து எழுந்தார்.

"கங்கம்மா, செல்லும்."

"இன்னா சாமி?"

"நீங்க கொடுத்த ஞானஸ்நானம் செல்லும்மா. தண்ணி சரி, வார்த்தை சரி, எண்ணமும் சரி. இனிமே இந்தப் பொண்ணுக்கு யாரும் தண்ணி ஊத்தக் கூடாது. நான் ஊத்தக் கூடாது, ஆயர் ஊத்தக் கூடாது, ரோமாபுரியிலேர்ந்து பாப்பரசரே வந்தாலும் ஊத்தக் கூடாது. நாளைக்கு மூணாவது ஓலை வாசிக்கறேன்."

கங்கம்மா சோஃபியாவின் தலையில் ஈரக் கையை வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலை ஒன்று உடைந்து அடங்கும்வரை பார்த்தாள்.

"இன்னொரு தபா சொல்லு சாமி" என்றாள்.